எந்தக் கேலன்? பாய்வு வீத அலகுகள் பற்றிய கேள்வி பதில்

துவாஸ், பம்ப் பராமரிப்புப் பணியாளர்: ஐயா, பட்டறையிலுள்ள பழைய பம்பின் தகட்டில் ‘500 ஜிபிஎம், 100 அடி’ (நிமிடத்துக்கு 500 கேலன், 100 அடி உயரத்துக்கு) என்று மட்டுமே இருக்கிறது. மேலாளர் மணிக்கு எத்தனை கனமீட்டர் என்று கேட்கிறார். ஒரு கணிப்பான் 113.6 என்கிறது, மற்றொன்று 136.4 என்கிறது. எதை எழுதிக் கொடுப்பது?

இரண்டு கணக்குமே சரி, கேலன்தான் வேறு. இம்பீரியல் கேலன் 4.54609 லிட்டர், அமெரிக்கக் கேலன் 231 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.785 லிட்டர். முன்னது பின்னதைவிட 20 விழுக்காடு பெரியது என்பதால், தவறான கேலனைக் கொண்டு வாங்கும் மாற்றுப் பம்ப் ஒன்று போதாமல் போகும், அல்லது தேவைக்கு மேல் மின்சாரம் குடிக்கும். தகட்டில் ‘யுஎஸ்’ என்றோ ‘ஐஜிபிஎம்’ (நிமிடத்துக்கு இம்பீரியல் கேலன்) என்றோ இல்லாதபோது தயாரித்த நாட்டைப் பார்ப்பது முதல் வழி; ஆனால் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களும் அமெரிக்க வாடிக்கையாளருக்காக அமெரிக்கக் கேலனில் தகடு அடித்திருக்கக்கூடும் என்பதால் நான் அதை மட்டும் நம்புவதில்லை.

மோட்டாரின் தகட்டையும் பாருங்கள். 100 அடி உயரத்துக்கு 500 இம்பீரியல் கேலனைத் தள்ள நீருக்கு மட்டும் சுமார் 15.2 குதிரைத்திறன் வேண்டும். அமெரிக்கக் கேலனானால் 12.6 போதும். பம்பின் செயல்திறனை 75 விழுக்காடு என்று வைத்தால், தண்டில் முறையே சுமார் 20.2, 16.8 குதிரைத்திறன் தேவைப்படும். மோட்டார் 20 குதிரைத்திறன் என்றிருந்தால் அது அமெரிக்கக் கேலனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏனெனில் கூடுதல் திறனுக்கு இடமே விடாமல் எந்தப் பொறியாளரும் மோட்டாரைத் தேர்ந்தெடுக்க மாட்டார். அதன் பிறகும் ஐயம் நீடித்தால், கொள்ளளவு தெரிந்த தொட்டியை நிரப்பி நேரத்தை அளப்பதைவிட நல்ல வழி இல்லை. அப்போது பம்ப் 100 அடிக்குரிய அழுத்தத்தில் ஓடுகிறதா என்பதையும் அழுத்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: விநாடிக்கு ஒரு கன அடியை நிமிடத்துக்கு இத்தனை இம்பீரியல் கேலன் என்று மாற்றினேன். விடை 0.104 வந்தது. எங்கே பிசகியது?

60ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள். ஒரு கன அடி 6.2288 இம்பீரியல் கேலன். விநாடிக்கு அவ்வளவு ஓடினால் ஒரு நிமிடத்தில் அதைப்போல் 60 மடங்கு ஓடியிருக்கும், ஆகவே விடை 373.7. மேலே உள்ள அலகை ஒரு முறையும் கீழே உள்ள காலத்தை ஒரு முறையும் தனித்தனியாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும்போதுதான் இந்தப் பிசகு நேர்கிறது.

உணவங்காடிக் கடைக்காரர்: புகைபோக்கி விசிறிக்கு 800 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 800 கன அடி) என்று எழுதியிருக்கிறார்கள். இதிலும் அமெரிக்கா, பிரிட்டன் என்ற குழப்பம் உண்டா?

இல்லை. 1959 முதல் அடி என்பது எல்லோருக்கும் 0.3048 மீட்டர்தான், ஆகவே கன அடியும் ஒன்றே. 1.699ஆல் பெருக்குங்கள்: மணிக்குச் சுமார் 1,359 கனமீட்டர்.

ஈசூன், இல்லத்தரசி: காவிரிச் செய்திகளில் கன அடி, டி.எம்.சி என்கிறார்கள், இங்கே சிங்கப்பூரில் மில்லியன் கேலன் என்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட முடியுமா?

முடியும், அம்மா, எனக்குப் பிடித்த கணக்கும் இதுதான். மேட்டூரில் ‘பத்தாயிரம் கன அடி திறப்பு’ என்றால் விநாடிக்கு என்று பொருள். அந்தச் சொல்லைத் தலைப்பில் விட்டுவிடுவதால்தான் பலர் அதை நீரின் மொத்த அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். டி.எம்.சி என்பதுதான் மொத்த அளவு, ஆயிரம் மில்லியன் கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி சேரும்.

சிங்கப்பூரில் நாம் சொல்வது இம்பீரியல் கேலன். துவாஸில் 2005இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 30 மில்லியன் கேலன், சுமார் 136,000 கனமீட்டர் என்று குறிப்பிடப்படுவதே அதற்குச் சான்று. அமெரிக்கக் கேலனானால் 113,600 கனமீட்டர்தான் வந்திருக்கும். விநாடிக்கு ஒரு கன அடி நாளொன்றுக்குச் சுமார் 538,000 இம்பீரியல் கேலன். அதன்படி, 1962 ஒப்பந்தத்தின்கீழ் ஜொகூர் ஆற்றிலிருந்து நாம் எடுக்கக்கூடிய நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் என்பது விநாடிக்கு 465 கன அடிக்குள் அடங்கிவிடும். நம் நாட்டின் நாளாந்தத் தேவை சுமார் 440 மில்லியன் கேலன் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்லிவந்துள்ளது; அது விநாடிக்கு ஏறத்தாழ 818 கன அடி. அந்தக் கணக்கில் ஒரு டி.எம்.சி நமக்கு இரண்டு வாரத்துக்கு வரும். மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி மூன்றரை ஆண்டுக்கு மேல் வரும். வயலுக்குப் பாயும் நீரையும் குழாயில் வரும் நீரையும் அளவில் ஒப்பிடலாமே தவிர, பயனில் ஒப்பிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்சாதனத் தொழில்நுட்பர்: நீரைக் குளிர்விக்கும் சில்லரில் ஒரு டன்னுக்கு 2.4 ஜிபிஎம் என்று பாடமாக வைத்திருக்கிறோம். அது எந்தக் கேலன்?

அமெரிக்கக் கேலன், அதுவும் நீரின் வெப்பநிலை வேறுபாடு 10 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருக்கும்போது மட்டும். இங்கே ஒரு டன் என்பது குளிரூட்டும் திறன்: மணிக்கு 12,000 பிடியு (ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் மாற்றும் வெப்பம் ஒரு பிடியு). இம்பீரியல் கேலன் நீரின் எடை 10 பவுண்டு என்பதால், நிமிடத்துக்கு ஒரு கேலன் ஒரு டிகிரி மாறும்போது மணிக்கு 600 பிடியு கிடைக்கும். ஆகவே 10 டிகிரிக்கு, டன்னுக்குச் சரியாக 2 கேலன். அமெரிக்கக் கேலனில் அந்த 600 சுமார் 500 ஆகிவிடுவதால்தான் 2.4 வருகிறது.

ஜூரோங் தீவு, ஆலை இயக்குநர்: நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் எண்ணெய் என்பதை எப்படி மாற்றுவது?

எண்ணெய்ப் பீப்பாய் 42 அமெரிக்கக் கேலன். எனவே நிமிடத்துக்கு 29.2 அமெரிக்கக் கேலன், அல்லது 24.3 இம்பீரியல் கேலன், மணிக்கு 6.62 கனமீட்டர்.