தலையீட்டை ஆதரித்துப் பேசவா? கம்போடியாவை எடுங்கள்

பட்டிமன்றத்தில் அயல்நாட்டுத் தலையீட்டை ஆதரித்துப் பேச வேண்டும், ஆனால் கிடைப்பதெல்லாம் 1953-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈரான் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்க்க உதவியது, 2003-இல் அமெரிக்கா ஈராக்கில் படையோடு நுழைந்தது மாதிரி எதிர் உதாரணங்கள்தான் என்கிறீர்கள். சரி, கம்போடியாவை எடுங்கள். 1978 டிசம்பர் இறுதியில் வியட்நாம் படை நுழைந்தது. 1979 ஜனவரி 7 அன்று தலைநகர் நோம் பென் வீழ்ந்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கம்போடிய சர்வாதிகாரி போல் பாட்டின் ஆட்சி அதோடு முடிந்தது.

வியட்நாம் போனது கருணையால் அல்ல, போல் பாட் படைகளின் எல்லைத் தாக்குதல்களுக்குப் பதிலடியாக. எதிரணி சொல்வதற்குள் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம், விலையையும் மறைக்காதீர்கள்: பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது, வியட்நாம் படை 1989 வரை முழுதாக வெளியேறவில்லை. கம்போடியாவின் ஐ.நா. இருக்கையோ விரட்டப்பட்ட போல் பாட் தரப்பிடமே இருந்தது, வேடிக்கைதான்! ஈரானை இழுத்தால், மொசாதேக் நாடாளுமன்ற ஆதரவோடு பிரதமரானவர், போல் பாட் அல்ல என்று பிரித்துக் காட்டுங்கள்.