சேனல் கைமாறுகிறது, என் 600 பங்குகளை என்ன செய்வது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் 600 பங்குகளைப் பல ஆண்டுகளுக்கு முன் 48 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அதற்கு ஒரு செய்திச் சேனலும் இரண்டு பொழுதுபோக்குச் சேனல்களும் உண்டு. ஒரு தொழில் குழுமம் அதைக் கையகப்படுத்துகிறதாம். 82 ரூபாய்க்கு ‘ஓப்பன் ஆஃபர்’ என்று கடிதம் வந்திருக்கிறது. சந்தையில் விலை 97. இத்தனைக்கும் அந்தக் குழுமம் எங்கள் நிறுவனத்தின் பங்கு ஒன்றைக்கூட நேரடியாக வாங்கவில்லை என்கிறார்கள். இது செல்லுமா? நான் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டுமா? செய்திச் சேனல் இப்படிக் கைமாற அரசு எப்படி விடுகிறது?

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் 600 பங்கும் உங்களுடையவைதான்.

‘நேரடியாக வாங்கவில்லை’ என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பல நிறுவனங்களில் நிறுவனர் குடும்பத்தின் பங்குகள் வேறொரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனியை வாங்கினால் உள்ளே இருக்கும் பங்குகளும் கூடவே வந்துவிடும். என்டிடிவியில் நடந்தது இதுதான். அதன் 29.18 சதவீதப் பங்குகள் ஆர்ஆர்பிஆர் ஹோல்டிங் என்ற கம்பெனியிடம் இருந்தன. அந்தக் கம்பெனி முன்பு விசிபிஎல் என்ற நிறுவனத்திடம் 403.85 கோடி ரூபாய் கடன் வாங்கி, அந்தக் கடனைத் தன் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருந்தது. 2022 ஆகஸ்டில் விசிபிஎல்லை அதானி குழுமம் வாங்கியது. உடனே அந்த உரிமையும் பயன்படுத்தப்பட்டது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2011-ஆம் ஆண்டு கையகப்படுத்தல் விதிகள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. 25 சதவீத வாக்குரிமையோ நிர்வாகக் கட்டுப்பாடோ கைக்கு வந்தால், மற்ற பங்குதாரர்களிடம் குறைந்தது 26 சதவீதத்தை வாங்கிக்கொள்ள முன்வர வேண்டும். இதற்குப் பெயர்தான் ஓப்பன் ஆஃபர். உங்களுக்கு வந்த கடிதம் அந்த விதியால் வந்தது.

இனி விலை. ஓப்பன் ஆஃபர் விலைக்கான சூத்திரம் பின்னோக்கித்தான் பார்க்கும். அறிவிப்புக்கு முன் வாங்குபவர் கொடுத்த விலைகள், அதற்கு முந்தைய 60 வர்த்தக நாட்களின் சந்தைச் சராசரி என்று சிலவற்றை ஒப்பிட்டு, அதிகமானதை அடிமட்ட விலையாக வைப்பார்கள். செய்தி வெளியான பின் ஏறிய ஏற்றம் அதில் வராது. அதனால் 82 சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் 97-க்குச் சந்தையில் விற்க முடிகிறபோது 82-க்கு ஏன் நீட்ட வேண்டும்?

ஒரே ஒரு காரணம் உண்டு. ஆஃபர் முடிந்த 26 வாரங்களுக்குள் வாங்குபவர் யாரிடமாவது பேரம் பேசி அதிக விலைக்குப் பங்கு வாங்கினால், ஆஃபரில் கொடுத்தவர்களுக்கும் அந்த வித்தியாசத்தைத் தர வேண்டும். என்டிடிவி ஆஃபர் விலை 294. அதன் பிறகு நிறுவனர்கள் தங்கள் பங்கை 342.65-க்கு விற்றார்கள். 294-க்குக் கொடுத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 48.65 ரூபாய் வந்தது. ஆனால் இதை நம்பி 15 ரூபாயை இப்போதே விட்டுக்கொடுப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான். உங்கள் விஷயத்தில் நிறுவனர் கையில் மிச்சப் பங்கு இருக்கிறதா என்று ஆஃபர் ஆவணத்தில் பாருங்கள். இல்லையென்றால் அந்த நம்பிக்கைக்கும் இடமில்லை. இன்னொன்று: 97 அப்படியே நிற்கும் என்றும் எண்ணாதீர்கள். அதே என்டிடிவி பங்கு 2023 பிப்ரவரியில் 200-க்குக் கீழே போனது.

அரசு பற்றிக் கேட்டீர்கள். செபிக்குச் சேனல் என்றாலும் சிமெண்ட் என்றாலும் ஒன்றுதான். அது பார்ப்பது பங்குதாரரின் நியாயத்தை. சேனல் நடத்தும் அனுமதி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதலும் வேண்டும். செய்திச் சேனலில் வெளிநாட்டு முதலீடு அரசு அனுமதியோடு 49 சதவீதம் வரைதான். பொழுதுபோக்குச் சேனலுக்கு 100 சதவீதம். வாங்குபவர் இந்தியராக இருந்தால் இந்த 49 கணக்கு அவரைத் தொடாது. ஒருவர் கையில் எத்தனை சேனல், எத்தனை பத்திரிகை இருக்கலாம் என்று வரம்பு வைக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-லும் 2014-லும் பரிந்துரைத்தது. இன்னும் சட்டமாகவில்லை. என் பார்வையில் பெரிய ஓட்டை அதுதான். ஆகவே ‘சேனலின் குரல் மாறிவிடும்’ என்று பங்குதாரராக நீங்கள் வழக்குப் போட்டால் நிற்காது. விலைக் கணக்கில் தவறு, மறைத்த ஒப்பந்தம் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆஃபர் 10 வேலை நாட்கள் திறந்திருக்கும். திறப்பதற்குச் சற்று முன்பு வரை விலையை உயர்த்த அவர்களுக்கு உரிமை உண்டு. சுயேச்சை இயக்குநர்கள் குழுவின் பரிந்துரையும் அதற்குள் நாளிதழில் வந்துவிடும். அதுவரை சும்மா இருங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. சந்தை 82-க்குக் கீழே சரிந்தால் மட்டும் கடைசி இரண்டு மூன்று நாட்களில் கொடுக்கலாம். அப்போது எல்லோரும் கொடுக்க ஓடிவருவார்கள்; 26 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் விகிதப்படிதான் எடுப்பார்கள். உங்கள் 600-இல் பாதி திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

வரி பற்றிக் கவலை வேண்டாம். 97-க்கு விற்றாலும் லாபம் 29,400 ரூபாய். நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. இந்த ஆண்டு வேறு பங்கு விற்றிருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள்.

அப்புறம், கடிதத்தோடு வந்த படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டுவிடாதீர்கள். டீமேட்டில், அதாவது மின்னணுக் கணக்கில், இருக்கும் பங்குக்கு அது தேவையில்லை. கொடுப்பதென்றால் உங்கள் புரோக்கரிடம் சொன்னால் போதும்.