சும்மா இருந்து சம்பாதிக்க முடியுமா, அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் டர்பனில் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் பி.காம் அக்கவுன்டிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு சாட்ஸ்வர்த்தில். அப்பா, அம்மா சம்பளத்தைக் கூட்டினால் வருஷத்துக்கு 3,50,000 ராண்டைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. அதனால் தென்னாப்பிரிக்க அரசின் என்எஸ்ஃபாஸ் மாணவர் நிதியுதவி கிடைக்கவில்லை. இந்த வருஷம் அப்பாவுக்கு ஓவர்டைமும் நின்றுவிட்டது. டாக்சி, டேட்டா, புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கை நீட்டக் கூச்சமாக இருக்கிறது. படிப்பே தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால் ரொம்ப மெனக்கெடாமல் கொஞ்சம் காசு பார்க்க வழி சொல்லுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் தருகிற வாட்ஸ்அப் குழு ஒன்றில் தோழி சேரச் சொல்கிறாள். வகுப்புப் பையன் ஒருவன், என் பேங்க் கார்டை ஒரு வாரம் கொடுத்தால் 1,500 ராண்ட் தருவதாகச் சொல்கிறான். அம்மா சமோசா போட்டு விற்கலாம் என்கிறார். எனக்கென்று பெரிய திறமை ஒன்றும் கிடையாது. பன்னிரண்டாம் கிரேடு மெட்ரிக்கில் கணக்கு நன்றாக வந்தது. காவடிக்கும் கல்யாணத்துக்கும் சொந்தக்காரப் பெண்களுக்கு நான்தான் புடவை கட்டிவிடுவேன், அவ்வளவுதான். எது செய்யலாம்? அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய முடிந்தால் ரொம்ப நல்லது.
— பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்று சொல். கார்டைக் கொடுத்துவிட்டாயா?

கொடுத்திருந்தால் இதை அப்படியே மூடி வைத்துவிட்டு வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் போடு. கார்டை நிறுத்து, பின் நம்பரை மாற்று, உன் கணக்கில் வந்துபோன பணம் உன்னுடையது இல்லை என்று எழுத்தில் கொடு. மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம்.

கொடுக்கவில்லை என்றால் அந்த 1,500 ராண்ட் எதற்கான விலை என்று கேள். எங்கோ ஒரு பாட்டியிடம் போனில் பேசி ஏமாற்றிய பணம் உன் கணக்கில் வந்து விழும். சில நிமிஷத்தில் யாரோ ஒருவன் ஏடிஎம்மில் அதை எடுத்துவிடுவான். போலீஸ் தடயத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது அது உன் பெயரில் வந்து நிற்கும். அந்தப் பையனுடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வங்கி உன் கணக்கை மூடும். மோசடிப் பட்டியலில் உன் அடையாள எண் ஏறினால் வேறு வங்கியில் கணக்குத் திறப்பதே பெரும்பாடு. பணச்சலவைக்கு இந்த நாட்டில் 1998-இல் வந்த சட்டம் 30 வருஷம் வரை சிறை என்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம்தான். ஆனால் கார்டை வாடகைக்கு விட்ட பெண், அதுவும் அக்கவுன்டிங் படிக்கிற பெண், அப்படிச் சொன்னால் மாஜிஸ்திரேட் நம்ப வேண்டுமே. நாளைக்கு ஆர்ட்டிகிள்ஸுக்கு, அதாவது ஆடிட்டர் பயிற்சிக்கு, விண்ணப்பித்தால் எந்த ஆடிட் நிறுவனமும் முதலில் தோண்டிப் பார்ப்பது உன் குற்றப் பதிவையும் கடன் பதிவையும்தான்.

லைக் போடுகிற குழுவும் அந்த வகைதான், கொஞ்சம் சிரித்த முகத்தோடு வரும். முதல் இரண்டு நாள் இருபது, முப்பது ராண்ட் உண்மையாகவே வரும். மூன்றாம் நாள், 'அடுத்த நிலைக்குப் போக 500 கட்டு, 800 ஆகத் திரும்பி வரும்' என்பார்கள். கட்டினால் வரவும் செய்யும். பிறகு 3,000 கேட்பார்கள். அதோடு குழு காணாமல் போகும். வேலை கொடுக்கிறவன் உன்னிடமே காசு கேட்டால் அது வேலை இல்லை. இதில் ஏமாறுவது விவரம் தெரியாதவர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதே. 2020-இல் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற பிட்காயின் முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தபோது மாட்டியவர்களில் படித்தவர்கள் ஏராளம். கம்ப்யூட்டரே வியாபாரம் பார்க்கும், மாதம் பத்து சதவீதம் வரும், உன் பிட்காயினைப் போட்டுவிட்டுச் சும்மா இரு என்றார்கள். அதை நடத்தியவர் பிரேசிலுக்குப் போய்விட்டார், பணம் போட்டவர்கள் இங்கே கம்பெனியைக் கலைக்கிற அதிகாரியின் வாசலில் நின்றார்கள்.

சர்வே நிரப்பினால் பணம் தருகிற தளங்களில் நாணயமானவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார். பல தளங்கள் பேபாலில்தான் தருகின்றன. பேபாலிலிருந்து ராண்டாக எடுக்க இங்கே எஃப்என்பி வங்கி வழியாகப் போக வேண்டும். பாதி சர்வேயில் 'நீங்கள் இதற்குப் பொருந்தவில்லை' என்று வெளியே தள்ளுவார்கள். வீட்டில் சொந்த டேட்டாவில் உட்கார்ந்து செய்தால் வந்த காசு டேட்டாவுக்கே போகும். வளாக வைஃபையில், இரண்டு வகுப்புக்கு நடுவே சும்மா இருக்கிற நேரத்தில் என்றால் செய். அதை நம்பிப் பட்ஜெட் போடாதே.

அம்மாவின் சமோசாவுக்கு வருகிறேன். அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. பூர் என்கிற மேல்தாளைத் தேய்த்து, சுட்டு, பட்டையாக வெட்டி, மடித்து, ஓரத்தை மாவால் ஒட்டி, டஜன் டஜனாக அடுக்குவதற்குள் ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும். எண்ணெய் விலை வேறு. புரட்டாசியில் காய்கறிச் சமோசாவுக்கும் தீபாவளிக்கு இனிப்புத் தட்டுக்கும் ஆர்டர் குவியும், உண்மைதான். அதே நேரத்தில்தான் உனக்கு ஆண்டிறுதித் தேர்வு தலைக்கு மேல் வந்து நிற்கும். அம்மாவுக்கு ஆசை இருந்தால் அம்மா செய்யட்டும். நீ வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கணக்கு எழுதிக் கொடு, அதற்கு ஒரு பங்கு வாங்கிக்கொள். அதைத் தாண்டி மாவில் கை வைக்காதே.

நீ 'அவ்வளவுதான்' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போனாயே, அந்தப் புடவையில்தான் காசு இருக்கிறது.

டர்பனில் நம் கல்யாணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில். மணப்பெண்ணை விடு, அவளுக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்ட் வருவாள். மணப்பெண்ணின் தங்கைகள், அத்தைகள், மாப்பிள்ளை வீட்டு மதனிகள் என்று ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் பேர் காலையில் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் வயசுப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டத் தெரியாது. அவர்களுடைய அம்மாக்களுக்குத் தெரிந்தாலும் அன்றைக்கு நேரம் இருக்காது. கை பழகிய உனக்கு ஒரு புடவைக்குப் பதினைந்து நிமிஷம் போதும்.

அதையும் பாதியாகக் குறைக்கலாம். புடவைகளை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள். முந்தானை மடிப்பையும் கொசுவத்தையும் எடுத்து, மெல்லிய துணி போட்டு அயர்ன் பண்ணி, துணி கிளிப் மாட்டி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு குத்தி வை. காலையில் இடுப்பில் சுற்றிப் பின் குத்துவது மட்டும்தான் பாக்கி. காஞ்சிபுரம் பட்டு மடிப்பில் நிற்கும், ஜார்ஜெட் வழுக்கும். ஜார்ஜெட்டுக்கு நேரம் கூடுதல், விலையும் கூடுதலாக வை. அன்றைக்குப் போடப்போகிற செருப்போடு நிற்க வைத்து, பாவாடை நாடாவை அளந்து கட்டு. வெறுங்காலில் கட்டினால் ஹீல்ஸ் போட்டதும் கணுக்கால் தெரியும், குறை உன் மேல் வரும். பின் டப்பாவை உன் வீட்டிலிருந்தே கொண்டு போ, கல்யாண வீட்டில் ஒரு பின்னும் கிடைக்காது.

விலை விஷயத்தில் சொந்தக்காரர் கூச்சம் வரும். ரத்த சொந்தத்துக்கு இலவசம், மற்றவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடு. எழுதிப் போட்டுவிட்டால் யாரும் பேரம் பேச மாட்டார்கள், பேசினாலும் மெதுவாகத்தான் பேசுவார்கள். பாதிப் பணம் முன்பணமாக வரட்டும்.

இரண்டாவது, உன் மெட்ரிக் கணக்கு. பத்தாம் கிரேடில் கணக்கா, கணித எழுத்தறிவு என்கிற எளிய அன்றாடக் கணக்கா என்று பிள்ளைகள் பிரிகிற இடத்தில் தொடங்கி பன்னிரண்டாம் கிரேடு வரைக்கும் பெற்றோர்கள் டியூஷன் தேடி அலைகிறார்கள். உன் வீட்டு டைனிங் டேபிளில் நாலு பிள்ளைகள், வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். தனித்தனியாக எடுக்காதே, அது அலைச்சல். நீ பாடத்திட்டம் எதுவும் தயாரிக்க வேண்டாம். அடிப்படைக் கல்வித் துறையின் இணையத்தளத்தில் பழைய வினாத்தாள்கள் விடைக்குறிப்போடு இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு வாரம் முதல் தாளின் ஃபங்ஷன்ஸ், மறு வாரம் இரண்டாம் தாளின் திரிகோணமிதி என்று ஒவ்வொரு கேள்வியாக உட்கார்ந்து போட வை. யூக்ளிட் ஜியாமெட்ரியில்தான் பிள்ளைகள் மூச்சு முட்டுவார்கள், அதற்கு இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்கு. மாதக் காசை மாதத் தொடக்கத்திலேயே வாங்கு. செப்டம்பர் பிரிலிம் என்கிற முன்னோட்டத் தேர்வு முடிந்ததும் வகுப்பை நிறுத்திவிடு. அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு இறுதித் தேர்வு தொடங்கும், நவம்பரில் உனக்கும் தேர்வு. அந்த நேரத்தில் மற்றவர் பிள்ளைக்காக நீ ராத்திரி விழிக்க வேண்டாம்.

கையில் உன் படிப்பே இருக்கிறது, அதையும் பார். உங்கள் தெருவில் சலூன், டக்ஷாப் என்கிற சின்னக் கடை, கேட்டரிங் நடத்துகிறவர்களில் எத்தனை பேர் ரசீதுகளை ஷூ டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மாதம் ஒரு தரம் அந்த டப்பாவை வாங்கி எக்ஸெலில் ஏற்றிக் கொடுப்பது உனக்கு ஒரு மத்தியான வேலை. எல்லையை மட்டும் மறக்காதே. காசு வாங்கிக்கொண்டு மற்றவருடைய வரிக் கணக்கை வரித் துறையான சார்ஸுக்கு நிரப்பிக் கொடுக்க, பதிவு பெற்ற டாக்ஸ் பிராக்டிஷனராக இருக்க வேண்டும். 'நீயே இதையும் போட்டுவிடும்மா' என்பார்கள். மாட்டேன் என்று சொல்.

உன் குறிப்புகளை விற்கலாம், நீயே எழுதியதாக இருந்தால். விரிவுரையாளரின் ஸ்லைடை விற்காதே, அது அவருடையது. மற்றவனுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தால் எழுதியவளுக்கும் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. முதலாண்டுப் புத்தகங்கள் அலமாரியில் சும்மா கிடந்தால் பிப்ரவரியில் விற்றுவிடு, அப்போதுதான் விலை போகும். போடாத உடுப்புகளை விற்க யாகா என்கிற தளம் இருக்கிறது.

கடை வேலையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் பவிலியன், கேட்வே மால்களில் நவம்பரில் ஆள் எடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பிளாக் ஃப்ரைடே உன் தேர்வோடு மோதும். டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் கடற்கரைக்கு வந்து இறங்கியபின் போனால் போதும். அப்படிப் போனால் சட்டம் தெரிந்து போ. குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். இரண்டே மணி நேரம் வேலை வாங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் நாலு மணி நேரக் கூலி, அதாவது அந்தக் கணக்கில் 115 ராண்டுக்கு மேல், உனக்குத் தர வேண்டும். 'டிரெய்னிங் வாரம், சம்பளம் இல்லை' என்று எந்த மேனேஜராவது சொன்னால் வேறு கடை பார். இந்தியாவிலிருந்து படிப்பு விசாவில் வந்து இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பல்கலைக்கழகப் படிப்பு விசாவில் வாரம் 20 மணி நேரம் வரைதான் பகுதிநேர வேலை. அதற்கு மேல் போகாதீர்கள்.

வரி பற்றிப் பயப்படாதே. 2025 மார்ச்சில் தொடங்கிய வரி ஆண்டில், 65 வயதுக்குக் கீழே உள்ளவர் 95,750 ராண்ட் வரை சம்பாதித்தால் வருமான வரி இருக்கவில்லை. புடவை கட்டி அந்தத் தொகையைத் தாண்டினால் எனக்கு எழுது, நானும் உன்னோடு வருகிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதே. இந்த மாதம் புடவையும் டியூஷனும் போதும்.

அப்பாவுக்குத் தெரியாமல் என்று கேட்டிருந்தாயே, அது நடக்காது. நாலு பிள்ளைகள் வாரா வாரம் டைனிங் டேபிளில் உட்கார்ந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ கல்யாண வீடு என்றால், பத்துப் புடவையைத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டில் டாக்சிக்கு நிற்கப் போகிறாயா? அப்பாவிடம் சொல்லி காரில் போ. பெட்ரோல் காசை விலையில் சேர்த்து வாங்கி அவர் கையில் கொடு. முதல் தரம் வேண்டாம் என்பார். டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கிவிடு.