பூசானில் படிக்கப் போகிறவர்களின் சாப்பாட்டுக் கேள்விகள்

கொரியாவின் பூசான் நகரத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்து எனக்கு இது ஐந்தாவது வருடம். அடுத்த செமஸ்டரில் இங்கே சேரப்போகிறவர்களிடம் என்ன சந்தேகம் என்று கேட்டேன். வந்ததில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றித்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, வெளியில் சாப்பிட்டே சமாளிக்க முடியுமா? மாதம் எவ்வளவு ஆகும்? (ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி)

மூன்று வேளையும் கடை என்றால் உதவித்தொகை தாங்காது, தம்பி. ஊரின் பெயர்பெற்ற த்வேஜி குக்பாப், அதாவது பன்றி எலும்புச் சாற்றில் சோறு, இன்றைக்கு ஒரு கிண்ணம் 10,000 வோனைத் தொடுகிறது. பல்கலைக்கழக உணவகத்தில் 5,000, 6,000 வோனுக்குச் சோறு, சூப், கிம்ச்சி (காரம் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ்), இரண்டு தொடுகறி கிடைக்கும். இதை 'ஹாக்சிக்' என்பார்கள்.

காலையில் இன்னொரு வழி இருக்கிறது. 'சொன்வோனே ஆச்சிம்பாப்' என்று ஒரு திட்டம், ஆயிரம் வோன் காலைச் சாப்பாடு. மாணவர் 1,000 வோன் கொடுத்தால் போதும், மீதியை அரசும் பல்கலைக்கழகமும் ஏற்கின்றன. அரசுத் திட்டமாக 2017இல் தொடங்கியது. ஆனால் தட்டுகளுக்கு எண்ணிக்கை உண்டு, விடுமுறையில் பெரும்பாலும் இருக்காது. நான் எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுவேன். சூடான சோறு, சோயா முளைப்பயறு சூப், ஒரு முட்டை. குளிர்காலத்தில் அந்தச் சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தனிச் சுகம். காலை அங்கே, மதியம் ஹாக்சிக், இரவு சொந்தச் சமையல் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3 லட்சம் வோனுக்குள் எனக்கு முடிந்துவிடுகிறது.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா? (கும்பகோணத்திலிருந்து ஒரு தங்கை)

பட்டினி கிடக்க வேண்டாம் அம்மா, ஆனால் கவனம் நிறைய வேண்டும். கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதெல்லாம் இங்கே சைவம் இல்லை. கிம்ச்சியில் மீன் ஊறலோ உப்பிட்ட கூனி இறாலோ சேர்ப்பது வழக்கம். பல சூப்புகளுக்கு அடிச்சாறே காய்ந்த நெத்திலிதான். சோற்றின் மேல் காய்கறி, இறைச்சி, முட்டை வைத்துக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப் கேட்கும்போது "கோகி ப்பே ஜுசேயோ" என்றால் இறைச்சியை எடுத்துவிடுவார்கள். முட்டையையும் தனியாகச் சொல்லுங்கள். கடைக்கார அம்மாவை 'ஈமோ' என்று கூப்பிடலாம். அம்மாவின் அக்கா தங்கைக்கு அவர்கள் சொல்லும் சொல் அது, நம் பெரியம்மா சித்தி மாதிரி.

ஊருக்கு வடக்கே கும்ஜோங் மலையில் பொமோசா என்ற பழைய பௌத்தக் கோயில் இருக்கிறது. கோயில் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. புத்தர் பிறந்தநாளன்று கோயில்களில் வருகிறவர்களுக்கெல்லாம் பிபிம்பாப் போடுவார்கள். கட்டாயம் ஒருமுறை போய்ச் சாப்பிடுங்கள்.

ஹலால் கிடைக்குமா? (காயல்பட்டினம்)

கிடைக்கும். முதலாம் மெட்ரோ வழித்தடத்தில் துசில் நிலையத்தில் இறங்குங்கள். 1980இல் கட்டிய அல் ஃபதாஹ் பள்ளிவாசல் அருகிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஹலால் மளிகையும் உறைந்த கோழியும் வாங்கலாம்.

நம்மூர் மளிகை எங்கே வாங்குவது? விலை ரொம்ப அதிகமாமே? (திருச்சி)

நானும் முதல் வருடம் பருப்புக்கும் பச்சரிசிக்கும் இணையத்தில் தேடித்தேடிக் காசைக் கரைத்தேன். அப்புறம்தான் புஜோன் சந்தையை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். அதுவும் முதலாம் வழித்தடத்தில்தான். ஒரு தானியக் கடையில் மஞ்சளாக ஒரு பருப்பு குவிந்திருந்தது. கையில் அள்ளிப் பார்த்தால் நம் பாசிப்பருப்பேதான்! 'கொபி நோக்து' என்பார்கள். கொரிய அரிசி குழைந்து ஒட்டும் ரகம். சாம்பார் சாதத்துக்கு மனம் ஒப்பாது, ஆனால் வெண்பொங்கலுக்கும் தயிர் சாதத்துக்கும் அதைவிடப் பொருத்தமான அரிசி கிடையாது. இந்த அரிசியையும் அந்தப் பாசிப்பருப்பையும் குக்கரில் போட்டு மிளகு தாளித்தால் வேலை முடிந்தது.

பச்சை மிளகாயில் 'சோங்யாங் கோச்சு' என்று கேளுங்கள், அதுதான் காரம். சாதா மிளகாயைக் கொரியர்கள் வெள்ளரிக்காய் மாதிரி கடித்துத் தின்பார்கள். தயிர் டப்பாவில் 'முகாதாங்' என்று இருந்தால்தான் சர்க்கரை சேர்க்காதது. ஹங்குல் என்ற கொரிய எழுத்தைப் படிக்க இரண்டு நாள் போதும், கிளம்பும் முன்பே கற்றுவிடுங்கள். இங்குள்ள எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நல்லெண்ணெய் என்று நினைத்து ஊற்றினால் குழம்பின் மணமே மாறிவிடும்.

உளுந்து, கடுகு, தேங்காய்ப்பால் எல்லாம் வேண்டுமென்றால் பூசானின் சாசாங் நிலையத்திலிருந்து இலகு ரயிலில் பக்கத்து ஊரான கிம்ஹே போங்கள். அங்கே தொங்சாங் சந்தையைச் சுற்றி நேபாளம், இலங்கை, உஸ்பெகிஸ்தான் தொழிலாளர்கள் வாங்கும் கடைகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை நண்பர்களோடு போய் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அண்ணே. (தூத்துக்குடி)

அப்படியென்றால் நீங்கள் சரியான ஊருக்குத்தான் வருகிறீர்கள். பூசான் மாநகரத்தின் அடையாள மீனே 'கோதுங்ஓ', நம் அயலைக்கு உறவு. ஜாகால்ச்சி மீன் சந்தை பார்க்க அழகு. அன்றாடம் வாங்க நான் போவது புஜோன்தான். மீன்கார ஈமோ "குயி? ஜோரிம்?" என்று கேட்பார். குயி என்றால் பொரிக்க வாட்டமாகப் பிளந்து தருவார், ஜோரிம் என்றால் குழம்புத் துண்டாக வெட்டித் தருவார். நமக்கு ஜோரிம். நீளமாகப் பளபளக்கும் 'கால்ச்சி' நம் வாளை. வசந்த காலத்தில் கிஜாங் பக்கம் பச்சை நெத்திலி இறங்கும். புளியும் பூண்டும் போட்டு ஒருமுறை வைத்துப் பாருங்கள், வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

அறையில் சமைக்க அனுமதி இல்லை என்றால்? (சேலம்)

விடுதிகளில் பெரும்பாலும் அடுப்பு கூடாது. பல்பொருள் அங்காடிகளில் இரவு எட்டு மணிக்கு மேல் சமைத்த உணவுப் பொட்டலங்களில் 'ஹாரின்' என்று தள்ளுபடிச் சீட்டு ஒட்ட ஆரம்பிப்பார்கள், அந்த நேரம் போங்கள். வெளியே அறை எடுப்பதானால் கோஷிவோன் எனப்படும் சின்னஞ்சிறு ஒற்றை அறை விடுதிகளைப் பாருங்கள், பலவற்றில் சோறும் கிம்ச்சியும் இலவசம். சமையலறையுள்ள அறை கிடைத்தால் குளிர்காலத்தில் வீட்டுத் தரையையே சூடாக்கும் வசதி இருக்கிறதே, தோசை மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றித் தரையில் வையுங்கள். வெளியே பனி கொட்டினாலும் காலையில் மாவு பொங்கியிருக்கும்.

ஊரிலிருந்து என்ன கொண்டுவரலாம்? (மதுரையிலிருந்து ஒரு அம்மா, மகனுக்காக)

பெருங்காயம், சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி விழுது கொடுத்து அனுப்புங்கள், அம்மா. பழம், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, இட்லிப் பொடியோடு சேர்த்து அரைத்துவிடுங்கள். அந்த ஒரு டப்பா இரண்டு மாதம் வரும்.