பழம்பொருள் கேள்வி – பதில்: அரச முடியைப் பாருங்கள், கதையைப் பிறகு கேளுங்கள்

கேள்வி: காலமான என் மூத்தவாப்பாவின் அலுமாரியில் கடற்படை அதிகாரியின் தொப்பி ஒன்று இருந்தது. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் தப்பிய ஒருவர் கொடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். படங்கள் அனுப்பியிருக்கிறேன். உண்மையா? – வாசகர், கல்முனை

பதில்: நம் கரையோரத்தில் எந்தப் பழைய தொப்பி கிடைத்தாலும் அதை ஹேர்மிஸில் ஏற்றிவிடுகிறோம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் மீட்டது. உயிருக்கு நீந்தியவரின் தலையில் தொப்பி தங்கியிருக்குமா என்று உங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லையா?

போகட்டும், தொப்பியே பதில் சொல்கிறது. தொப்பிச் சின்னத்தில் நங்கூரத்துக்கு மேலே சரிகையில் தைத்த அரச முடியைப் பாருங்கள். அதன் வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்குகின்றன. 1952இல் அரியணை ஏறிய எலிசபெத் மகாராணியின் காலத்து முடி அது. ஹேர்மிஸ் காலத்து முடியின் வளைவுகள் குமிழாக உருண்டு எழும். ஆகவே உங்கள் தொப்பி, கப்பல் மூழ்கிப் பத்து ஆண்டாவது கழிந்து தைக்கப்பட்டது. இதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1957 வரை திருகோணமலைத் தளம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. மூத்தவாப்பாவோ அவருடைய சகோதரர்களோ அங்கே வேலை பார்த்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

முன்விளிம்பு சரிகையில்லாமல் வெறும் கறுப்பாக இருக்கிறது. அணிந்தவர் லெப்டினன்ட் கொமாண்டர் அல்லது அதற்குக் கீழே. கொமாண்டருக்கும் கப்டனுக்கும் ஒரு வரிசை ஓக் இலை இருக்கும், அட்மிரலுக்கு இரண்டு. உட்புறத்தைத்தான் நீங்கள் படம் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியதோ அதுதான். நெற்றியில் படும் தோல் பட்டியை மெல்லப் புரட்டுங்கள். மையில் எழுதிய பெயர் இருந்தால் உடனே எழுதி அனுப்புங்கள். தைத்த கடையின் பெயர் ‘கீவ்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது 1974க்கு முந்தியது. ‘ஹோக்ஸ்’ என்ற பெயரும் சேர்ந்திருந்தால் பிந்தியது.

கேள்வி: ‘எச்.எம்.எஸ். ஹேர்மிஸ்’ என்று பொறித்த பட்டி சுற்றிய அதிகாரி தொப்பி ஒன்று விலைக்கு வருகிறது. முடி உருண்டைதான். வாங்கலாமா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். கப்பல் பெயர் பொறித்த பட்டி மாலுமிகளின் தொப்பிக்கு உரியது, அதிகாரியின் தொப்பியில் வராது. போர்க் காலத்தில் மாலுமிகளின் பட்டியில்கூட, மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல் என்று பொருள்படும் ‘எச்.எம்.எஸ்.’ மட்டுமே இருந்தது, கப்பலின் பெயர் இருக்கவில்லை. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரி அறியக்கூடாதல்லவா? 1959இல் ஹேர்மிஸ் என்ற பெயரிலேயே இன்னொரு விமானந்தாங்கிக் கப்பல் சேவைக்கு வந்தது. பின்னாளில் இந்தியா வாங்கி விராட் என்று பெயர் சூட்டியது அதைத்தான். பட்டி அசலாகவே இருந்தாலும் அந்தக் கப்பலுடையதாக இருக்கலாம். உருண்டை முடியையும் நம்பி விடாதீர்கள். 2022இல் சார்ல்ஸ் மன்னர் அதே வடிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். இப்போது புதிதாகத் தைக்கும் தொப்பிக்கும் அதுதான்.

கேள்வி: தொப்பிச் சின்னத்தின் சரிகை கறுத்துவிட்டது. புளி போட்டுத் துலக்கலாமா? – வாசகி, கல்லடி

பதில்: ஐயோ, வேண்டாம் அம்மா! குத்துவிளக்குக்குப் புளி சரி. இது மெல்லிய கம்பிமேல் பூசிய முலாம். புளி பட்டால் முலாம் போய்விடும், அடித்துணியும் நனைந்து ஊறும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். வெள்ளை மேலுறை தனியே கழன்று வரும். அதைச் சவர்க்காரத்தில் கழுவி நிழலில் காயவிடலாம். மாரி தொடங்குமுன் தொப்பியைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உள்ளே இரும்பு வளையம் இருந்தால் அதைக் கழற்றி வேறாக வையுங்கள். நம் உப்புக் காற்றில் முதலில் துருப்பிடித்து மேலுறையில் கறை ஏற்றுவது அந்த வளையம்தான்.