காய்ச்சலே இல்லையே, எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள்?

ஒடிசாவிலும், சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டுப் பகுதியிலும் உள்ள கிராமங்களில் ஊரையே உட்காரவைத்து மலேரியா பரிசோதிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: உடம்புக்கு ஒன்றுமில்லாதவரை ஏன் பரிசோதிக்க வேண்டும்?

மலேரியா ஓயாத ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். ரத்தத்தில் கிருமி இருக்கும், காய்ச்சல் இருக்காது. அவர் பாட்டுக்குக் காட்டு வேலைக்கும் சந்தைக்கும் போய்வருவார். அவரைக் கடித்த, மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடுத்தவருக்குக் கிருமியை ஏற்றத் தயார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்தால் இவர் கணக்கிலேயே வரமாட்டார். அதற்காகத்தான் ஒடிசா 2017-இல் ‘தமன்’ திட்டத்தைத் தொடங்கி, எளிதில் போகமுடியாத மலைக் கிராமங்களில் முகாம் போட்டது. பஸ்தரில் 2020 ஜனவரியில் வீடு வீடாகத் தொடங்கினார்கள்.

கேள்வி: ஒடிசாவில் மலேரியா குறைந்தது இதனால்தானா?

2016-இல் சுமார் 4.4 லட்சம் நோயாளிகள், 2018-இல் 66 ஆயிரம் சொச்சம். பெரிய சரிவுதான். ஆனால் அதே காலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்து தோய்த்த கொசுவலைகளும் வீடுகளுக்குப் போயின. ஊரிலேயே இருக்கும் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளர் கையிலேயே மலேரியா பரிசோதனைக் கிட்டும் மாத்திரையும் இருந்தன. வலைக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. மேற்கு கென்யாவில், ஊரையே பரிசோதித்துக் கிருமி உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் இந்த வேலையை மட்டும் கூடுதலாகச் செய்து பார்த்தார்கள். கிருமி உள்ளவர்களின் விகிதம் சொல்லும்படி குறையவில்லை. பரவலைக் குறைக்க இதை மட்டும் நம்ப வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும்.

கேள்வி: கிட் சரியாகக் காட்டாதா?

விரலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம், அதன்மேல் சில சொட்டுக் கரைசல், 15-20 நிமிடம் காத்திருப்பு. கிட் வேலை செய்கிறது என்று காட்டும் ‘சி’ கோடு விழவில்லை என்றால் அந்தக் கிட்டையே தூக்கிப்போட வேண்டும். சிக்கல் வேறு இடத்தில். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100-200 கிருமியாவது இருந்தால்தான் நோயைக் காட்டும் கோடு தெளிவாக விழும். காய்ச்சல் இல்லாத பலரிடம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நாம் தேடிப் போன ஆளே தப்பிவிடுகிறார்! இதற்கு நேர்மாறாக, மலேரியாவில் ஆபத்தான வகையான ஃபால்சிபாரம் குணமான பிறகும் அதன் புரதம் ரத்தத்தில் சில வாரம் தங்கி, ‘பாசிட்டிவ்’ காட்டுவதும் உண்டு.

கேள்வி: அப்படியானால் பரிசோதிக்காமலே எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கலாமே?

சில நாடுகளில் கொடுக்கிறார்கள், ஃபால்சிபாரத்துக்குப் பலனும் உண்டு. நோயில்லாதவரை மாத்திரை விழுங்கவைப்பதுதான் கஷ்டம். பாதிப் பேர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பயனில்லை.

கேள்வி: ஒருவருக்கு 3 நாள் மருந்து, இன்னொருவருக்கு 14 நாள். ஏன்?

கிருமி வகை வேறு. 3 நாள் மருந்து ஃபால்சிபாரத்துக்கு. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை கல்லீரலில் பதுங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். அதை அழிக்கத்தான் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாக்குயின். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாக்குயின் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கறுத்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இலங்கை எப்படி ஒழித்தது?

சான்றிதழுக்கு முன் அங்கே உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். ‘மலேரியா இல்லாத நாடு’ என்ற உலக சுகாதார நிறுவனச் சான்றிதழ் 2016 செப்டம்பரில். நோயாளிகள் குறைந்தபின் ஊர் முழுக்கப் பரிசோதிக்கத் தேவையில்லை. ஒருவருக்கு வந்தால் அவர் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் அலசினால் போதும். இப்போது அங்கே பயமெல்லாம் வெளியூர்ப் பயணிகள்தான். நீங்களும் ஆப்பிரிக்காவோ பஸ்தரோ போய்வந்து காய்ச்சலில் படுத்தால், டாக்டரிடம் முதலில் போய்வந்த ஊரைச் சொல்லுங்கள்.