தொடக்கப் பள்ளியில் பருவத்துக்கேற்ற கைவேலையையும் எழுத்து வாசிப்பையும் எப்படிச் சேர்ப்பது?

கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை என்று தெரிகிறது. இணையத்தில் தேடினால் டிசம்பருக்குப் பனிமனிதன், அக்டோபருக்குச் சிவந்த இலைகள் என்றே வருகிறது, நம் பிள்ளைகளுக்கு எதைச் செய்யச் சொல்வது என்கிறார்.

நானும் பஞ்சு ஒட்டியவள்தான். காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் அட்டையில் இரண்டு வட்டம் வரைந்து, பஞ்சு ஒட்டி, கேரட் மூக்கு வைக்கச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இட்லிக்கு எதற்கு மூக்கு?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அந்த அட்டை ஒரு மாதம் சுவரில் தொங்கியது. பார்வையிட வந்தவர்கள் பாராட்டினார்கள். அதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது பிள்ளைகளுக்கு எழுத எதுவும் இல்லை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: இந்த மாதம் பள்ளியைச் சுற்றி என்ன விழுந்து கிடக்கிறதோ அதில் கைவேலை. அந்தக் கைவேலையை யாரோ ஒருவருக்கு எழுதித்தான் தெரிவிக்க முடியும் என்ற நிலை வர வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குவதால் என் முதல் பருவம் ஆடிக் காற்று. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பனை ஓலைக் காற்றாடியில் இறங்குவோம். ஒரு சாண் நீளத்தில் இரண்டு கீற்று, ஒன்றுக்குள் ஒன்றை மடித்துக் கோத்து, நடுவில் சீமைக் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் கூர்முனையை ஒரு சோளத்தட்டையில் செருகினால் முடிந்தது. எங்கள் ஊரில் இதைப் பிள்ளைகள்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள். முள்ளை மட்டும் பெரிய வகுப்புப் பிள்ளைகளோ நானோ ஒடித்து வருவோம்.

எழுத்து வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்றாம் வகுப்பு செய்முறையை எழுத வேண்டும். நான்காம் வகுப்பு அதைப் படித்துக் காற்றாடி செய்ய வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வருடம் ஒரு சிறுமி ஐந்து வரி அழகாக எழுதியிருந்தாள். படித்த பையன் ஒரு வரி பிசகாமல் செய்தான். காற்றாடி அசையவில்லை. மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், ம்ஹூம். எழுதியவளோ வாயைப் பொத்திக்கொண்டு துடிக்கிறாள். அவள் 'முள்ளைக் குத்து' என்றுதான் எழுதியிருந்தாள். அவன் இறுக்கிக் குத்திவிட்டான். துளை முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தானே ஓலை சுற்றும்!

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "லூசாகக் குத்த வேண்டும் என்பதை எப்படி எழுதுவது டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பையே கேட்டேன். 'தளர்வாக' என்றான் ஒருவன், பாடப்புத்தகத்தில் பார்த்தது. 'தொளதொளவென்று' என்றாள் இன்னொருத்தி, அவள் பாட்டி பாவாடை நாடாவுக்குச் சொல்வது. இரண்டையும் பலகையில் எழுதி வாக்கெடுப்பு நடத்தினோம், 'தொளதொள' வென்றது. வினையடை என்று நான் பெயர் சொல்லவே இல்லை. அந்த வாரம் முழுக்க இறுக்கமாக, மெதுவாக, நேராக, கோணலாக என்று எல்லாத் தாளிலும் தானாக வந்து விழுந்தன.

எல்லாரும் ஐந்து வரி எழுதிவிட மாட்டார்கள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் அல்லவா, அதே பிரிவை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். அரும்புப் பிள்ளை 'ஓலை', 'முள்' என்று சீட்டு எழுதிப் பொருளின் மேல் வைக்கட்டும், மொட்டு ஆளுக்கொரு வரி, மலர் முழுச் செய்முறை. வேலை ஒன்றுதான் என்பதால் யாரும் ஒதுக்கப்பட்டதாக நினைப்பதில்லை.

மழை மாதத்துக்குக் காகிதக் கப்பல். அதில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, 2021 நவம்பரைத் தவிர. அந்த மாதம் முதல் தேதிதான் கொரோனாவுக்குப் பிறகு சிறு வகுப்புகள் திறந்தன. மூன்று வாரத்துக்குள் பாலாற்றில் வெள்ளம். ஆறு என்றால் மணல் என்று மட்டுமே தெரிந்த பிள்ளைகள் அவர்கள். எதை எழுதச் சொல்லலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அப்படி வாய்க்கும்போது திட்டத்தை மூடி வைத்துவிடுங்கள்.

கார்த்திகைக்கு மாவளி. 1989-இல் பிரியும்வரை திருவண்ணாமலையும் நாமும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான், தீபத்தன்று மாவளி சுற்றாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் முடிந்து, பனை மட்டைச் சிம்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிச் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். நெருப்பு வகுப்புக்குள் கிடையாது. ஒரு மாணவனின் தாத்தாவை அழைத்து வந்து உட்கார வைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டார்கள். கேள்விகளை முதல் நாளே எழுதி வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "சாப்பிட்டீர்களா தாத்தா" என்பதோடு பேட்டி முடிந்துவிடும்.

மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள், கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். இந்தக் கொட்டையை 'அ' வடிவத்தில் ஒட்டிக் காட்சிக்கு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைகிறது என்பதை விரல் கற்க வேண்டும், ஒட்டும்போது அது நடப்பதில்லை. அதற்குப் பதில் நான்கு கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி (தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பிள்ளை கையில் வைப்பார்கள், கவனம்!) தாயம்போல உருட்டச் சொல்வேன். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை சொற்களைச் சொற்குவியலிலிருந்து எடுத்துப் படிக்க வேண்டும். விதை என்றதும் குன்றிமணியும் மஞ்சள் அரளிக் கொட்டையும் பைக்குள் வந்து சேரும். இரண்டும் நஞ்சு. முதல் நாளே சொல்லி, வகுப்பில் நுழையவிடாதீர்கள்.

பொங்கலைத் தாண்டி வந்துவிட்டேன். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை செய்யாத பள்ளி இல்லை. செய்த அட்டை ஆசிரியர் மேசையிலேயே தங்கிவிடுவதுதான் என் குறை. நாங்கள் 50 காசு அஞ்சலட்டை வாங்கி, ஒரு பக்கம் கரும்போ மாடோ வரைந்து, உண்மையாகவே தபாலில் போடுகிறோம். முகவரி எழுதுவதே ஒரு வாரப் பாடம். பெறுநர், தெரு, அஞ்சல், ஆறு இலக்கப் பின்கோடு. எங்கள் எண்கள் 632 என்று தொடங்க, சித்தூரில் இருக்கும் பாட்டிக்கு எழுதிய பையனின் அட்டையில் மட்டும் 517. "பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுமே டீச்சர், அதற்கு ஏன் ஐந்து?" என்றான். தேசப்படத்தை இறக்கி, தமிழ்நாட்டு எண்கள் ஆறிலும் ஆந்திர எண்கள் ஐந்திலும் தொடங்குவதைக் காட்டினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து சில நாளில் அவனுக்குப் பதில் வந்தது. முழுக்கத் தெலுங்கு. அவன் வீட்டில் பேசுவது தெலுங்குதான், ஆனால் படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. மறுநாள் அவன் அம்மா வேலைக்குப் போகும் வழியில் வந்து, வாசற்படியில் நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். மாடு நன்றாக வரைந்திருக்கிறாய், கொம்பு மட்டும் சிறியது என்று பாட்டி எழுதியிருந்தார். பையன் அன்று மதியமே இன்னோர் அட்டை கேட்டான்.